ஆழிநாட்டின் தலைநகரம் எங்கள் கிணற்றில் இருந்தது

முப்பத்தாறு வயதாகி, கைநிறையச் சம்பளம் வாங்குகிற என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல்கூட விளக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இல்லாத நாட்டுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தான். நம் வயதுக்காரர்களுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரமாகும். இப்போது அப்படி ஒரு பொழுதுபோக்கு இருக்கிறதாம். மலை, ஆறு, கோட்டை, துறைமுகம் என்று எல்லாவற்றையும் தானே யோசித்து ஒரு தேசத்தை வரைகிறார்கள். பிறகு சிநேகிதர்களைக் கூட்டி அதற்குள் விளையாடுகிறார்கள். நான் காபியை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவன் படத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கினான். மூலையிலிருந்த ஊர் கிட்டே வந்தது. அடியில் ஒரு சின்னக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘நூறு மைல்’ என்று போட்டிருந்தது, அதுவாகவே ‘இருபது மைல்’ என்று மாறியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அஞ்சு மடங்கு பெருசாக்கியிருக்க,” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். “ஒனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?”

“நூறை அஞ்சால வகுத்தா இருபது. இதுக்கு காலேஜுக்கா போகணும்?” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு வந்துவிட்டேன். வந்து மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நூறையும் அந்த இருபதையும் அதே வரிசையில் எனக்குக் காட்டியவள் ஒருத்தி உண்டு. என் பெரியப்பா மகள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று, எனக்குப் பத்து வயது. அந்தக் கோடை விடுமுறையில் நடந்ததை நான் முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. மகனிடம் சொன்னால், “அந்தக் காலத்துல அப்படித்தாம்மா,” என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். அந்தக் காலத்தில் இருந்தவர்கள் நாம். எல்லாம் அப்படித்தான் நடந்தது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட நம்மால் முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருமயத்துக்கும் அரிமளத்துக்கும் நடுவில். பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே வீடு, ஒரே உலை. நிலமும் பொது. கிணறு ஒன்று, அதில் புதிதாகப் போட்ட மோட்டார் ஒன்று. பெரியப்பா அதிகம் பேசமாட்டார். வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் யோசிப்பார். அப்பா அதற்கு நேர்மாறு, நாலு பேர் இருக்கிற இடத்தில் எட்டுப் பேருக்கான பேச்சைப் பேசுவார். இருவருக்கும் அதுவரை ஒரு சின்னச் சண்டைகூட வந்ததில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்குமேல் என்றால் திருமயத்துக்கு பஸ்ஸில் போக வேண்டும். அக்கா அந்த வருஷம் எட்டாவது முடித்திருந்தாள். அவள்தான் முதல் மார்க். முந்தைய வருஷம் வயதுக்கும் வந்துவிட்டாள். ஆகவே வீட்டில் அந்தக் கோடை முழுக்க ஒரே பேச்சு.

“ஏண்ணே, திருமயம் என்ன சீமையா? பஸ் ஏறிக் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள கோட்டை தெரியுது. நானே கொண்டுபோயி விட்டுட்டு வாரேன். பெரிய வாத்தியார்ட்டயும் பேசிட்டேன்,” என்பார் அப்பா.

“பாப்போம்டா, பாப்போம்,” என்பார் பெரியப்பா.

எங்கள் வீட்டில் ‘பாப்போம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். ஆனால் அப்பா விடுவதாக இல்லை. சாப்பிடும்போது ஒருதரம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒருதரம் என்று அரித்துக்கொண்டே இருந்தார். பெரியப்பா கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டும் வந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து நசுக்குவாள். சித்தப்பா மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சித்திரை மாதத்தில் பத்திரப் பெட்டியைத் திறந்து காகிதங்களை வெயிலில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். போடாவிட்டால் செல் அரித்துவிடும். முற்றத்தில் பாயை விரித்துப் பெரியப்பா ஒவ்வொன்றாகப் பரப்புவார். காற்றில் பறக்காமல் மூலைக்கு மூலை கூழாங்கல் வைத்துக் காவல் இருப்பது எங்கள் வேலை. அந்த வருஷக் காகிதங்களில் புதிதாக ஒன்று இருந்தது. மோட்டாருக்காகத் தாலுகா ஆபீசில் நகல் வாங்கிய எங்கள் நிலத்துப் பிளான். வடக்கே நேர்கோடு. கிழக்கே வாய்க்காலை ஒட்டிப் பல்லுப் பல்லாக வளைந்த கோடு. தென்மேற்கில் மூக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் சின்ன வட்டம், அது கிணறு.

அக்கா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைகீழாகத் திருப்பினாள்.

“ஏய், இங்க பாருடி. இது நெலமில்ல. நாடு.”

எனக்குச் சட்டென்று தெரிந்தது. வாய்க்கால் ஓரம் கடற்கரையாகிவிட்டது. மூக்கு ஒரு தீபகற்பம். கடலை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. ஆனால் இதைச் சுற்றிக் கடல்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்கு ஆழிநாடு என்று அவள் பேர் வைத்தாள். வட்டம் போட்ட கிணறுதான் தலைநகரம்.

வெள்ளைத் தாளில் தேங்காயெண்ணெயை விரலால் தொட்டுத் தடவினால் அடியில் இருப்பது தெரியும், ஞாபகம் இருக்கிறதா? நாமெல்லாம் அப்படித்தானே இந்தியா மேப் வரைந்தோம். அக்கா அப்படி ஒரு தாளை வைத்து, பெரியப்பா உள்ளே போய் வருவதற்குள் பென்சிலால் ஓரம் முழுவதையும் எடுத்துவிட்டாள். அந்த எண்ணெய்த் தாளின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. வெயிலில் சூடான எண்ணெய், பென்சில் சீவல், பழைய காகிதத்தின் மக்கல் எல்லாம் கலந்த ஒரு வாசனை.

அடுத்த நாளிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வைக்கோற்போர் நிழலில் எங்கள் வேலை நடந்தது. முதல் தாளில் முழு நாடு. ஒரு அங்குலத்துக்கு நூறு மைல். ஊர்களுக்கு நம்பர் மட்டும்தான் போட வேண்டும், பேர் எழுதினால் படம் அசிங்கமாகிவிடும் என்பது அக்காவின் கட்டளை. பேர்களெல்லாம் தனியாக ஒரு துண்டுத் தாளில். பேர் வைப்பது மட்டும் என் அதிகாரம். எனக்கு அப்போது அடுக்களையைத் தவிர வேறு உலகம் தெரியாது. ஆகவே தலைநகரம் பெருங்காயபுரி. துறைமுகம் சுக்குத்துறை. மலைநாடு மிளகுக்கோட்டை.

பிறகு அக்கா தலைநகரைச் சுற்றிய ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, வேறு தாளில் ஐந்து மடங்கு பெரிதாக வரைந்தாள். டிராயிங் வாத்தியார் மயில் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிக்கொடுத்த வித்தைதான். சின்னப் படத்தின் மேல் சின்னக் கட்டங்கள், பெரிய தாளில் பெரிய கட்டங்கள். எந்தக் கட்டத்தில் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறதோ, பெரிய கட்டத்திலும் அங்கேயே நுழைந்து அங்கேயே வெளியேற வேண்டும்.

நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அளந்தேன். முதல் தாளில் பெருங்காயபுரியிலிருந்து சுக்குத்துறைக்கு ஒரு அங்குலம் இருந்தது. நூறு மைல். ராஜாவின் தூதன் குதிரையில் ஒரு நாளைக்கு ஐம்பது மைல் போவான், ஆக இரண்டு நாள். புதுத் தாளில் அதே தூரம் ஐந்து அங்குலம் இருந்தது.

“அக்கா, ஐநூறு மைலாயிருச்சு! பத்து நாளாகுமே. சேதி போயிச் சேர்றதுக்குள்ள ராஜா செத்துப்போவாரு!”

அவள் வைக்கோலில் சாய்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே. “கிறுக்கு. படம் பெருசானா ஊரு பெருசாகுமா? நாமதான் கிட்டப் போயிருக்கோம். இங்கிட்டு ஒரு அங்குலம் இருபது மைலு. பெருக்கு.”

“நூறு.”

“அதே ரெண்டு நாளு. நீ படத்தப் பெருசாக்குனது குதிரைக்குத் தெரியுமா?”

இதை நான் புரிந்துகொள்ள ஒரு நாள் முழுக்க ஆயிற்று. புரிந்ததும், ஆளையே தூக்கி உயரத்தில் நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. அதன் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு அதே நினைப்புதான். தண்ணீர் இறைத்த வாய்க்காலைப் பார்த்தால், ஒரு முழத்துக்கு இத்தனை மைல் என்று வாய் முணுமுணுக்கும்.

அடுத்து அவளுக்கே ஒரு திடுக்கிடல் வந்தது. பெரிய தாளில் கடற்கரை வெறிச்சென்று இருந்ததால் அவள் அங்கங்கே சிறு வளைவுகள், கழிமுகங்கள் என்று சேர்த்திருந்தாள். பிறகு நனைத்த நூலைக் கரையோரம் ஒட்டவைத்து அளந்தாள். முதல் தாளில் அந்தத் துண்டுக் கரை நூற்றைம்பது மைல். பெரிய தாளிலோ நூற்றெண்பது. முப்பது மைல் எங்கிருந்து வந்தது? திரும்ப அளந்தாள். அதேதான்.

“அப்ப இன்னும் கிட்டப் போனா இன்னும் வளைவு இருக்கும். இன்னும் நீளும். இன்னும் போனா இன்னும். அப்பக் கரைக்கு நெசமான நீளம் எதுடி?”

எனக்குப் பயமாகிவிட்டது. எங்கள் வாய்க்கால் ஓரமே முடிவில்லாமல் நீண்டுகொண்டு போகிற மாதிரி தெரிந்தது. அக்கா அன்று மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. சாயங்காலம் என்னிடம், “ஒம்போதாவது போனதும் திருமயத்துக் கணக்கு வாத்தியார்ட்ட மொத வேலையா இதத்தான் கேக்கப்போறேன்,” என்றாள். இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய படிப்பாளிகளே கேட்டிருக்கிறார்கள் என்று என் மகன் பின்னால் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது, நான் கைவேலையைப் போட்டுவிட்டு அவனை மறுபடி சொல்லச் சொன்னேன். எட்டாவது படித்த ஒரு பெண், மாட்டுச் சாணி வாடையில் உட்கார்ந்து, நூலை வைத்துக் கேட்ட கேள்வி அது.

நாடு என்றால் எதிரி வேண்டுமே. ஆழிநாட்டை நடுவாக வகுந்து ஒரு சிவப்புக் கோடு போட்டோம். மேற்கே நல்ல ராஜா, கிழக்கே கெட்ட ராஜா. தலைநகரம் நல்ல ராஜாவின் பக்கம். கடைசித் தாளில், இன்னும் கிட்டப் போய், நல்ல ராஜாவின் அரண்மனையை அறை அறையாகப் போட்டோம். சபா மண்டபம், குதிரை லாயம், பாதாளச் சிறை. அளவெல்லாம் சுத்தம்.

இந்தத் தாள்களை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் கெட்ட நேரம் ஆரம்பித்தது. அக்காவின் பக்கத்தில் வைத்தால் பெரியம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிடுவார். ஆகவே அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவைத்தோம். அப்பா அந்தப் பெட்டியைத் தீபாவளிக்குத்தான் நகர்த்துவார்.

எண்ணெய்த் தாளுக்கு எறும்பு வரும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அப்பா அன்று உரம் வாங்க அரிமளம் போயிருந்தார். பெரியப்பா எறும்புச் சாரையைப் பார்த்துவிட்டு, பொடியை எடுத்துக்கொண்டு அது போகிற வழியே தூவிக்கொண்டு வந்தார். பெட்டியை நகர்த்தினார். தாள்கள் சரிந்து விழுந்தன. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எண்ணெய்த் தாளை எடுத்தார். ஒருதரம் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலை மெல்வது நின்றுபோனது.

அப்பா உர மூட்டையை இறக்கிவிட்டு உள்ளே வந்தபோது தாள்கள் நான்கும் கூடத்தில் வரிசையாக இருந்தன.

“என்னடா இது?”

“என்னண்ணே?”

“எங்கிட்டக் கேட்டிருந்தா நானே பிரிச்சுக் குடுத்திருப்பேன்லடா. எம் பெட்டியத் தொறந்து, பிளான எடுத்து, சர்வேயரக் கூட்டியாந்து, நடுவுல கோடு போட்டு, கெணத்த ஒம்பக்கம் வச்சுக்கிட்டு… வீட்டுக்கும் பிளான் போட்டுட்ட. இந்தா, இது கூடம். இது மாட்டுக் கொட்டகை. இது நெல்லு ரூம்பு.”

“அது நெல்லு ரூம்பு இல்ல பெரியப்பா,” என்றேன் நான். “அது பாதாளச் சிறை.”

யாரும் சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பேர் எழுதிய துண்டுத் தாளை எடுத்துவந்து, மூச்சு விடாமல் படித்தேன். ஒன்று பெருங்காயபுரி, இரண்டு சுக்குத்துறை, மூன்று மிளகுக்கோட்டை. பெரியப்பா முழுதும் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, “பச்சப் புள்ளைக்கு என்னமாப் பாடம் பண்ணி விட்டிருக்க,” என்றார். உண்மையைச் சொன்னால் பெரியவர்கள் நம்புவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அக்கா வந்தாள். “அப்பா, நாந்தான் போட்டேன். சித்தப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

பளாரென்று ஒரு அறை. பெரியப்பா கை நீட்டி அன்றுதான் பார்த்தேன். “பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்னு ஆச காட்டிருக்கான், அதுக்காகப் பொய் சொல்றியா? இது பொம்பளப் புள்ள போடுற படமா?”

அப்பா அந்த ஒரு ‘என்னண்ணே’க்கு மேல் வாயே திறக்கவில்லை. எட்டுப் பேர் பேச்சைப் பேசுகிறவர் வாயடைத்து நின்றார். அதிர்ச்சியில் நின்ற அந்த நிற்பைப் பெரியப்பா குற்றம் செய்தவனின் நிற்பு என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல்லை வைத்து அம்மா தனியாக உலை வைத்தாள். அதுவரை பெரியம்மா வைத்த சாம்பாரைத் தவிர வேறு சாம்பார் நான் சாப்பிட்டதில்லை. அம்மாவின் சாம்பாரில் உப்பே இல்லை. அம்மா உப்பு டப்பாவை எடுக்க அந்த அடுக்களைக்குள் போகக் கூச்சப்பட்டிருக்கிறாள். எனக்கும் அக்காவுக்கும் பேச்சு கூடாது என்று உத்தரவு. ஒரே வீட்டில், ஒரே முற்றத்தில், அவள் எனக்கு எதிரே கோலம் போடுவாள். நான் பார்க்காத மாதிரி போவேன்.

சில நாள் கழித்துப் பெரியப்பா கணக்குப்பிள்ளையை அழைத்துவந்தார். ஊர் நிலக் கணக்கு முழுக்க அவர் கையில் இருந்த காலம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடிக்கோலை வைத்துத் தாள்களை ஒவ்வொன்றாக அளந்தார். முதல் தாளில் ஒரு கோடு, இரண்டாவதில் அதே கோடு, மூன்றாவதில் அதே கோடு. எல்லாம் சொல்லிவைத்த மாதிரி மடங்கு விழுந்தது.

“கை பழகின ஆளு போட்டதுங்க. ஒரு மயிரிழை பிசகல. சர்வே டிபார்ட்மெண்ட்ல இருந்தவனாத்தான் இருக்கும்,” என்றார்.

அதைக் கேட்டபோது அக்கா கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான், அதுவே அவள் சித்தப்பாவின் கழுத்துக்குக் கயிறாக விழுந்தது. கோணல்மாணலாக வரைந்திருந்தால் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கிழித்துப் போட்டிருப்பார்கள். சரியாகப் போட்டதுதான் வினையாகப் போயிற்று.

அப்பாவுக்கு ரோஷம் தாங்கவில்லை. “வர்ற வெள்ளிக்கெழம அய்யனார் கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்றேன். அதுக்கப்புறம் நீங்க எனக்கு அண்ணன் இல்ல,” என்றார். பெரியப்பா, “பண்ணு,” என்றார்.

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் தம்பிக்குள் அந்தச் சத்தியம் நடந்தால், அது மெய்யாகவே இருந்தாலும் அந்தக் குடும்பம் திரும்ப ஒட்டாது, இழவுக்குக்கூட வாசல் மிதிக்கமாட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு மூலையில் அழுதார்கள்.

வியாழக்கிழமை காலையில் கணக்குப்பிள்ளையும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் சமாதானம் பேச வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் நிறைந்த கூடத்துக்குள் அக்கா நேராக வந்து நின்றாள். பாவாடையைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“சத்தியமெல்லாம் வேணாம்ப்பா. நான் உங்க எல்லாரு முன்னாடியும் போட்டுக் காட்டுறேன்.”

பெரியப்பா எழுந்தார். கணக்குப்பிள்ளை கையமர்த்தினார். “இருங்க. அதையும் பாத்துருவோம்.” தன் பையிலிருந்து வேறு யாருடைய நிலத்துப் பிளானையோ எடுத்து அவள் முன்னால் போட்டார். “இத மூணு மடங்கு பெருசாக்கு, பாப்போம்.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். கட்டம் போட்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு, ஐயனாரே, கை நடுங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் கை நடுங்கவில்லை. வைக்கோற்போர் நிழலில் உட்கார்ந்த மாதிரியேதான் உட்கார்ந்திருந்தாள். ஒரு இடத்தில் நாக்கு நுனியைக்கூடக் கடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவள் அந்த நேரத்தில் சந்தோஷமாக இருக்கிறாள்.

முடித்துத் தாளைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கணக்குப்பிள்ளை அளந்தார். இன்னொருதரம் அளந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டு, “புள்ள போட்டதுதாங்க,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

பெரியப்பா உடைந்துவிட்டார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு விம்மினார். “தம்பி, நான் பாவிடா,” என்று அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பாவும் அழுதார். கதவுக்குப் பின்னால் அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் குதித்தேன். எல்லாம் முடிந்தது, அப்பாவின் மானத்தை அக்கா காப்பாற்றிவிட்டாள், இனி திருமயம்தான் என்று மனசு கூத்தாடியது. அக்காவும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பென்சில் கரி.

அப்பா மூக்கைச் சிந்திவிட்டு, தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் சொன்னார்:

“நீங்க சொன்னதுதாண்ணே சரி. நாந்தான் கிறுக்கன் மாதிரிப் பேசிக்கிட்டிருந்தேன். இந்தக் கை வெளிய போகக் கூடாது. இன்னக்கி நம்ம பெட்டியத் தொறந்துச்சு. நாளைக்கிப் போற வீட்டுல என்னத்தத் தொறக்குமோ. படிச்சது போதும்ண்ணே.”

சொன்னது பெரியப்பா என்றுதான் முதலில் நினைத்தேன். உதடு அசைந்தது அப்பாவுடையது. பெரியப்பா தலையாட்டினார். கணக்குப்பிள்ளை தலையாட்டினார். வந்திருந்த பெரியவர்கள், “அதானே, அதான் நல்லது,” என்றார்கள். ஐந்து பேருக்கும் அவ்வளவு நிம்மதி. கூடத்தில் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. அண்ணனிடம் திரும்பிப் போக அப்பாவுக்கு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தன்னிடம் இருந்ததிலிருந்து கொடுக்காமல் அவளுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டார். தெரிந்தும் என்ன, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதிர்ச்சி அப்படியே இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து என் முறை வந்தபோது இதே அப்பா என்னைத் திருமயத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார், பெரியப்பா காசு எடுத்துக் கொடுத்தார். எனக்குப் படம் வராது என்று இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். “பொம்பளப் புள்ளையப் படிக்கவச்ச வீடு,” என்று ஊரில் எங்களுக்கு நல்ல பேர்.

அன்று மத்தியானம் செங்கல் அடுப்பைக் கலைத்துவிட்டார்கள். ஒரே உலை. பெரியம்மா பாசிப்பருப்புப் பாயசம் வைத்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஒருவர் அப்பளத்தை ஒருவர் இலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைத்தான் பரிமாறச் சொன்னார்கள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ரசம் ஊற்றினாள். பாயச வாளியை எடுத்துவந்து அப்பாவின் இலைக்கு முன்னால் குனிந்தாள்.

“போதும்மா,” என்றார் அப்பா.

அவள் நிறுத்தவில்லை. கரண்டி கரண்டியாக ஊற்றினாள். இலை நிறைந்து, ஓரம் வழிந்து, தரையில் ஓடி, மடக்கி உட்கார்ந்திருந்த அப்பாவின் வேட்டியை நனைத்தது. “போதும்மா, போதும்,” என்று அப்பா இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்தார். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வாளியையே சாய்த்து அந்தக் கைகளின் மேல் ஊற்றினாள். சிரிப்பு நின்றுபோனது. அப்பா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

வாளி காலியானதும் அதைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அங்கிருந்து அவள் வெளியே வந்தது கல்யாணத்தன்றுதான்.